குபெர்னெட்டிஸ்: நீகான்

நிரலையும் அது ஓடத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொதிக்குக் ‘கன்டெய்னர்’ என்று பெயர்; அவற்றைப் பல சர்வர்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் குபெர்னெட்டிஸ். தரமணிப் பக்கம் ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் ‘குபெர்னெட்டிஸ்’ என்று முழுப்பெயரைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. ‘க்யூப்’ என்பார்கள், இல்லையென்றால் ‘கே-எய்ட்ஸ்’. ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே எட்டு எழுத்துகள், அதனால் எய்ட். கட்டளை வரியில் அதற்கு உத்தரவு போடும் கருவி க்யூப்சிடிஎல். ‘க்யூப் கன்ட்ரோல்’ என்பவரும் உண்டு, ‘க்யூப் கட்டில்’ என்பவரும் உண்டு. கட்டில்காரர்களிடம் நான் வாதிடுவதில்லை.

கூகுள் 2014-இல் வெளியிட்ட இந்த மென்பொருளின் பெயர் கிரேக்கச் சொல். கப்பலில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். இதே சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘கவர்னர்’ ஆனது. கிண்டி ஆளுநர் மாளிகைக்கும் நம் சர்வருக்கும் அப்படியொரு தூரத்து உறவு!

தமிழில்? மாலுமி என்றால் இன்று கப்பலில் வேலை செய்யும் எவரும்தான். தவிர அதுவும் சுக்கானும் அரபியிலிருந்து வந்தவை. அகநானூற்று 255-ஆம் பாட்டில் மாடத்து விளக்கொளியைக் குறிவைத்துக் கப்பலைச் செலுத்துபவர் ‘நீகான்’. என் வாக்கு அதற்கே. கப்பலும் கலம், பாத்திரமும் கலம்; எண்ணூர் சாலையில் லாரி லாரியாக நிற்கிற கன்டெய்னரும் கொள்கலன்தான். நீகான் அங்கே பொருந்திப் போகிறது.

நீகானிடம் துடுப்பு போடச் சொல்வதில்லை, போக வேண்டிய திசையைத்தான் சொல்கிறோம். டேட்டாபேஸை மூன்று நகல்களாக ‘ஸ்டேட்ஃபுல்செட்’டில் (ஒவ்வொரு நகலுக்கும் நிலையான பெயரும் தனிச் சேமிப்பு வட்டும் தரும் ஏற்பாடு) ஓட்டினால் டிபி-0, டிபி-1, டிபி-2 என்று ‘பாட்’கள், அதாவது கன்டெய்னர் ஓடும் சிறு அலகுகள், வரும். ‘க்யூப்சிடிஎல் டெலீட் பாட் டிபி-1’ என்று அடித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அதே பெயரில் புதுப் பாட் எழுந்து, பழைய வட்டையே மாட்டிக்கொள்ளும். மூன்று வேண்டும் என்றுதானே சொல்லியிருந்தீர்கள்? சரி, ‘ஸ்கேல்’ கட்டளையால் இரண்டாகக் குறைத்தால் டிபி-2 போகும். அதன் வட்டு மட்டும், நாமாக அழிக்காதவரை, பெரும்பாலும் அப்படியே கிடக்கும். கிளவுடில் அந்த வட்டுக்குக் கட்டும் மாதக் கட்டணமும்தான்.

ஆனால் மூன்றில் எது முதன்மை நகல், அது விழுந்தால் எதற்குப் பட்டம் கட்டுவது என்பதெல்லாம் நீகானுக்குத் தெரியாது. கலம் அவர் பொறுப்பு, உள்ளே இருக்கும் சரக்கு இல்லை. அந்த விவரம் தெரிந்த தனி நிரலை ‘ஆபரேட்டர்’ என்கிறார்கள். இதை ‘இயக்குநர்’ ஆக்கலாம்தான். கோடம்பாக்கம் இருக்கிற ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நான் ஆபரேட்டர் என்றே எழுதுகிறேன்.