முட்டைப் பெட்டிக்குள் கேட்கும் "டக்"

நாட்டுக்கோழி முட்டை பொரிக்க வைக்கும் இன்குபேட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு தெர்மோகோல் பெட்டி, உள்ளே இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், மூடியில் சிவப்பு எண்கள் மின்னும் ஒரு கண்ட்ரோலர். எண் 37.2க்கு இறங்கியதும் "டக்" என்று சத்தம் வரும், பல்பு எரியும். 37.5ஐத் தொட்டதும் மறுபடியும் "டக்". பல்பு அணைந்துவிடும். இரவு பகலாக 21 நாள் இப்படியே நடக்க வேண்டும்.

ஃபேன் ஓடும் பெட்டியில் கோழிமுட்டைக்கு ஏற்ற சூடு 37.5 டிகிரி செல்சியஸ். கொஞ்ச நேரம் குளிர்ந்தால் கரு தாங்கிக்கொள்ளும். அடைக்கோழியே இரை பொறுக்க எழுந்து போகத்தானே செய்கிறது! ஆனால் இரண்டு டிகிரி கூடி, மணிக்கணக்கில் அப்படியே நின்றால் தாங்காது. அதனால்தான் மனிதர்கள் செய்த ஆரம்பகாலத் தானியங்கி வெப்பக் கட்டுப்பாடுகளில் ஒன்று முட்டைக்காகவே பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த டச்சுக்காரர் கொர்னேலிஸ் ட்ரெபெல், முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றைச் செய்தார். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், அது காற்று போகும் வழியை அடைக்கும், நெருப்பு தணியும். இன்று அதே வேலையை ஒரு சிப் செய்கிறது.

சிப்புக்குச் சூடு எப்படித் தெரியும்? பெட்டிக்குள் தொங்கும் ஒயரின் நுனியில், மிளகைவிடச் சின்னதாக ஒரு மணி இருக்கிறது. அதன் பெயர் தெர்மிஸ்டர். மாங்கனீசு, நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த குறைகடத்தி அது. செம்புக் கம்பியைச் சூடாக்கினால் மின்தடை கூடும். இதில் நேர்மாறு: சூடு ஏற ஏற மின்சாரத்தைச் சுமக்கும் துகள்கள் அதிகமாக விடுபடுவதால் மின்தடை குறையும். வெள்ளி சல்பைடில் இந்தக் குணத்தை 1833லேயே மைக்கேல் ஃபாரடே கவனித்துவிட்டார்.

பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும், 37.5 டிகிரியில் ஏறக்குறைய 5,900 ஓம். இதோடு 10,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், தெர்மிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே 25 டிகிரியில் 2.5 வோல்ட்டும் 37.5இல் சுமார் 1.85 வோல்ட்டும் நிற்கும். இங்கே ஒரு டிகிரி மாறினால் 48 மில்லிவோல்ட் அளவுக்கு மாறுகிறது. சிப் அந்த 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்து வாசிக்கிறது என்றால் ஒரு படி கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். ஆக, ஒரு டிகிரிக்குச் சுமார் பத்துப் படி. எண் பலகையில் புள்ளிக்கு அப்புறம் ஒரே ஓர் இலக்கம் இருப்பது இந்தக் கணக்குக்குப் பொருத்தம்தான்.

சரி, 37.5இல் அணைக்கிற கண்ட்ரோலர், 37.4 வந்த உடனே ஏன் பல்பைப் போடுவதில்லை? இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். அது வேண்டுமென்றே காத்திருக்கிறது. "டக்" என்ற சத்தம் ரிலேயிலிருந்து வருகிறது. சின்னக் காந்தச் சுருள் ஒன்று உலோக நாக்கை இழுத்து, பல்புக்குப் போகும் மின்சாரத்தை இணைக்கும் சத்தம் அது. முழுச் சுமையில் இப்படிப்பட்ட ரிலேக்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் ஒரு லட்சம் தடவை. 10 நொடிக்கு ஒருமுறை போட்டு அணைத்தால் நாளுக்கு 8,640 தடவை. 12 நாளில் லட்சம் தாண்டிவிடும். முட்டை பொரியவே 21 நாள் ஆகுமே! அதனால்தான் போடும் சூட்டுக்கும் அணைக்கும் சூட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விடுகிறார்கள். முட்டைக்கு 0.3 டிகிரி விட்டால் போதும். குளிர்பானப் பெட்டிக்கு இரண்டு மூன்று டிகிரிகூட விடலாம்.

ஃபிரிட்ஜ் பக்கம் போனால் இன்னொரு காத்திருப்பும் சேர்ந்துகொள்கிறது. கம்ப்ரசர் நின்ற உடன் குழாயின் ஒரு பக்கம் வாயு அழுத்தம் மிக அதிகம், மறுபக்கம் குறைவு. அந்த நிலையில் திரும்ப ஓடச் சொன்னால் மோட்டார் சுழல முடியாமல் திணறி, மின்சாரத்தை வாரி இழுத்துச் சூடாகும். நுண்குழாய் வழியாக இரு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடங்கள் பிடிக்கும். கண்ட்ரோலரில் மூன்று நிமிடத் தாமதம் வைப்பது இதற்காகத்தான். சூடு ஏறியும் கம்ப்ரசர் ஓடவில்லையே என்று பதறி பிளக்கைப் பிடுங்கிச் செருகுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சென்சார் ஒயர் அறுந்தால் என்ன ஆகும்? மின்தடை எல்லையில்லாமல் கூடும். சிப்பின் கணக்கில் அது கடுங்குளிர்! பல்பை எரித்துக்கொண்டே இருக்கச் சொல்லும். நல்ல கண்ட்ரோலர் "இவ்வளவு குளிர் இருக்க வாய்ப்பில்லை" என்று கண்டுபிடித்து, பல்பை அணைத்துவிட்டுப் பிழைக் குறியைக் காட்டும்.

ஆனால் ரிலே ஒட்டிக்கொண்டால் சிப்பால் ஒன்றும் செய்ய முடியாது. குளிர்ந்த பல்பைப் போடும் நொடியில், அதன் இழை வழக்கத்தைவிடப் பத்து மடங்கு வரை மின்சாரத்தை இழுக்கும். அப்போது எழும் தீப்பொறியில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிவிடலாம். எனக்கு நடந்தது அதுதான். 16ஆம் நாள் காலை கண்ட்ரோலர் 41.3 காட்டியது. பல்பை அணைக்கும்படி அது எப்போதோ சொல்லிவிட்டிருந்தது, ரிலேக்குக் கட்டளை போவதைக் காட்டும் சின்ன விளக்கும் அணைந்திருந்தது. பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. 40 முட்டையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

இப்போது பல்புக்குப் போகும் ஒயரில் இரண்டாவதாக ஒரு தெர்மோஸ்டாட்டும் தொடராக இருக்கிறது. சிப் இல்லை, எண் பலகை இல்லை. சூட்டில் விரியும் ஓர் உலோகத் தகட்டுக் கூடு மட்டும். 38.5இல் பல்பை அணைக்கும்படி திருகி வைத்திருக்கிறேன்.