பாலிஅமோரிக்குத் தமிழில் என்ன சொல்?

ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் காதலிக்கும் பாலிஅமோரி என்ற உறவுமுறையைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'பலதார மணம்' என்ற சொல் எளிதாகக் கைக்கு வந்துவிடுகிறது. அதைத் தவிர்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். தாரம் என்றால் மனைவி. ஓர் ஆண் பல பெண்களை மணப்பது பலதார மணம். பாலிஅமோரியில் ஓர் ஆண் இருந்தாக வேண்டும் என்பதில்லை, மணமும் நடந்திருக்க வேண்டியதில்லை.

ஒருவர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் காதலிப்பது, அது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்திருப்பது, எல்லோரும் அதற்கு மனமாரச் சம்மதித்திருப்பது. இவை மூன்றும் சேர்ந்தால்தான் பாலிஅமோரி. பிந்திய இரண்டும்தான் இந்தச் சொல்லின் உயிர் என்பேன். அதனால் 'கள்ளக்காதல்' என்ற சொல்லை இதன் பக்கத்தில் கூட வைக்கக் கூடாது. கள்ளம் என்பது மறைப்பு. மறைப்பு வந்த இடத்தில் பாலிஅமோரி இல்லை.

கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல, லத்தீனில் 'அமோர்' என்றால் காதல். இரண்டு மொழிகளை ஒட்டிச் செய்த சொல் இது. வயதும் அதிகமில்லை. 1990இல் அமெரிக்கரான மார்னிங் குளோரி செல் ஓர் இதழ்க் கட்டுரையில் இதன் பெயரடை வடிவத்தைக் கையாண்டார். 1992இல் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களில் பெயர்ச்சொல்லாகப் புழங்கத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2006இல் சேர்த்துக்கொண்டது.

இதற்கு எதிர்ப்புறம் நிற்கும், ஒரே துணையோடு வாழ்வதைக் குறிக்கும் மோனோகமி மிகப் பழைய சொல். கிரேக்கத்தில் மோனோஸ் என்றால் ஒன்று, காமோஸ் என்றால் திருமணம். வாழ்நாளில் ஒரே முறை மணப்பதே அதன் முதல் பொருள். துணை இறந்த பிறகு மறுமணம் செய்யாமல் இருப்பதும் அதில் அடங்கும். ஒரு நேரத்தில் ஒரு துணை என்ற பொருள் அப்புறம் வலுத்தது. மணமாகாத காதலர்களும் இன்று தங்கள் உறவை அப்படித்தான் சொல்கிறார்கள்.

சரி, இதைத் தமிழில் 'ஒருதார மணம்' என்று எழுதினால் என்ன ஆகிறது? இரண்டு பெண்கள் காதலித்துச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்றால் அவர்களில் யார் தாரம்? 'ஒருவனுக்கு ஒருத்தி' என்றால் இலக்கணமே அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. தன்பால் இணையரின் திருமணத்தை முதன்முதலில் சட்டமாக்கிய நாடு நெதர்லாந்து, அதுவும் 2001இல்தான். அதற்கு முன்பும் ஒரே துணையோடு வாழ்ந்து முடித்த தன்பால் காதலர்கள் இருந்தார்கள். அந்த வாழ்க்கைக்கு ஒரு பெயர் வேண்டாமா?

அதனால் மோனோகமிக்கு 'ஒருதுணை உறவு' என்று எழுதுகிறேன். துணை என்ற சொல்லுக்குப் பால் கிடையாது, தாலியும் தேவையில்லை. 'ஒருமைக் காதல்' என்றும் யோசித்தேன். ஆனால் ஒருமையில் மன ஒருமை என்ற பாராட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது மற்றவர்களுடைய காதலைச் சிதறியதாகக் காட்டிவிடும். பாலிஅமோரிக்குப் 'பல்காதல்' சுருக்கமானதுதான். என் காதுக்கு அதில் வாயிலுள்ள பல் முதலில் கேட்கிறது. 'பன்மைக் காதல்' என்பதில் அந்தத் தடுமாற்றம் இல்லை, மணம் என்ற சொல்லும் நுழையவில்லை.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. ஆங்கிலத்தில் வசையாக இருந்த குயர் என்ற சொல்லை உரிமையோடு எடுத்துக்கொண்ட தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், இருபாலீர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றோரைத் தமிழில் பால்புதுமையினர் என்கிறோம். இந்த உறவுகளைப் பற்றிய கட்டுரைகளில் அவர்கள் பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் வருகிறார்கள். எடுத்துக்காட்டு எப்போதும் ஓர் ஆணும் இரு பெண்களும். இல்லையென்றால், ஓர் ஆண்–பெண் இணை தங்களோடு சேர்த்துக்கொள்ள இருபாலீர்ப்புள்ள ஒரு பெண்ணைத் தேடுவது. அப்படித் தேடப்படும் பெண்ணுக்குப் பன்மைக் காதல் வட்டங்களில் 'யூனிகார்ன்' என்றே பெயர். அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்பதைக் கட்டுரையும் கேட்பதில்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

இருபாலீர்ப்பு உள்ளவருக்கு இரண்டு துணை வேண்டியிருக்கும் என்பதும் தவறு. யார்மேல் ஈர்ப்பு வரும் என்பது ஒன்று, எத்தனை பேரோடு வாழ்வது என்பது வேறொன்று. ஒருதுணை உறவையே விரும்பும் பால்புதுமையினர் ஏராளம். அவர்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்குவதும் ஒதுக்கல்தான்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'ஒருவர்', 'அவர்', 'இணையர்' எல்லாம் பால் சொல்லாமலே நிற்கும். 'கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் இன்னொரு பெண்ணோடு பழகலாம்' என்றொரு வரி என்னிடம் திருத்த வந்தால், 'உறவில் உள்ள எல்லோரும், புதிதாக வருபவரும் சம்மதித்தால் இன்னொருவரோடு பழகலாம்' என்று மாற்றிவிடுவேன். முதல் வரியில் புதிதாக வருபவரின் சம்மதமே விடுபட்டிருந்தது.