வேகம் வேண்டுமென்று கையை இறுக்காதீர்கள்

கிட்டார் வகுப்புக்கு வருகிறவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "சார், 110 வரைக்கும் நல்லா வருது. அதுக்கு மேல கை ஓட மாட்டேங்குது." தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் 110, அதாவது நிமிடத்துக்கு 110 அடி, ஒரு அடிக்கு நான்கு ஸ்வரம். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், அதே ஸ்கேலை (ஸ்வர வரிசையை) இன்னும் கொஞ்சம் வேகமாக, இன்னும் கொஞ்சம் அழுத்தி, முன்கை எரியும்வரை வாசிப்பதாகச் சொல்வார்கள். எரிந்தால் பயிற்சி சரியாக நடக்கிறது என்று நினைக்கிறார்கள். இந்த நினைப்பால் மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிட்டாரைத் தொட முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது கையை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு தந்தியில் மட்டும் பிக்கை (தந்தியை மீட்டும் சிறு தகட்டை) மேலும் கீழும் வேகமாக ஆட்டுங்கள். கொஞ்ச காலம் வாசித்துப் பழகிய பெரும்பாலோருக்கு இதில் நொடிக்கு எட்டு ஸ்வரம் சிரமமில்லாமல் வந்துவிடும். மெட்ரோனோமை 120-ல் வைத்து அடிக்கு நான்கு வாசித்தாலும் நொடிக்கு எட்டுதான். அப்படியென்றால் கையில் வேகம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்கேல் வாசிக்கும்போது அது காணாமல் போவது தந்தி மாறும் இடத்தில்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் பிரிட்ஜ் (உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கம் இரண்டு தந்திகளுக்கு நடுவே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான் இடைவெளி. பிக்கின் நுனி அந்த இடைவெளிக்குள் இறங்கித்தான் தந்தியை மீட்டுகிறது. கை நேர்கோட்டில், தந்திகள் இருக்கும் தளத்துக்கு இணையாகவே போய்வந்தால், டவுன் ஸ்ட்ரோக் (கீழ்நோக்கி மீட்டுவது) முடியும்போதும் அப் ஸ்ட்ரோக் (மேல்நோக்கி மீட்டுவது) முடியும்போதும் நுனி தந்திகளுக்கு நடுவிலேயே மாட்டி நிற்கும். அடுத்த தந்திக்குப் போக ஏதாவது ஒரு தந்தியைத் தாண்டிக் குதித்தே ஆக வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது குதிக்க நேரம் இருக்கிறது. வேகம் கூடினால் நேரம் இல்லை. அப்போது நம்மை அறியாமலே ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கையைத் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பிக்கிறோம். மணிக்கட்டை மடக்கும் தசையும் நிமிர்த்தும் தசையும் ஒரே நேரத்தில் இழுபடுகின்றன. முன்கை எரிவதற்குக் காரணம் இதுதான். இந்த எரிச்சலைத் தாங்கிக்கொண்டு வாசிப்பதால் வேகம் ஒரு துளிகூடக் கூடாது.

வழி, பிக் போகும் பாதையைச் சற்றுச் சாய்ப்பது. பிக்கின் பிடிப்பக்கம் தரையை நோக்கி லேசாகச் சாய்ந்திருந்தால், டவுன் ஸ்ட்ரோக் தந்திகளுக்கு நடுவே இறங்கும். அப் ஸ்ட்ரோக் தானாகவே தந்திகளுக்கு மேலே காற்றில் வந்து முடியும். அங்கிருந்து எந்தத் தந்திக்கும் தடையில்லாமல் போகலாம். எதிர்ப்பக்கம் சாய்த்தால் டவுன் ஸ்ட்ரோக் வெளியே வரும். இரண்டில் எது உங்களுக்கு இயல்பு என்பது கைக்குக் கை மாறும்.

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவருடைய இடது கையைத்தான் சொல்வார்கள். 1928-ல் அவர் வசித்த வண்டியில் தீப்பிடித்து மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போயின. மீதி இரண்டு விரல்களைக் கொண்டே சோலோ வாசித்தார். எனக்கென்னவோ அவர் வழி வந்த மரபின் வலது கைதான் பெரிய பாடம். ஆம்ப்ளிஃபையர் இல்லாத நடனக் கூடங்களில், அக்கார்டியனுக்கு நடுவே, கிட்டார் சத்தம் கேட்டாக வேண்டும். அவர் வழியில் வாசிப்பவர்கள் மணிக்கட்டை வளைத்து, கையைக் கிட்டாரின் பலகையில் ஊன்றாமல் வைத்துக்கொள்கிறார்கள். டவுன் ஸ்ட்ரோக் தந்தியைத் தாண்டி விழுந்து அடுத்த தந்தியின்மேல் ஓய்கிறது. புதிய தந்தி ஒவ்வொன்றையும் டவுன் ஸ்ட்ரோக்கிலேயே தொடங்குகிறார்கள். சத்தம் கையின் எடையிலிருந்து வருகிறது. பிக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே அங்கில்லை.

டிராய் கிரேடி என்ற அமெரிக்கக் கிட்டார் கலைஞர், கிட்டாரிலேயே கேமராவைப் பொருத்தி, வேகமாக வாசிக்கும் பலருடைய வலது கையை ஸ்லோமோஷனில் படம் பிடித்தார். ஸ்வீடன் ராக் கிட்டார் கலைஞர் யிங்வி மால்ம்ஸ்டீனின் பல வேகமான வரிகளில் ஒரு தந்திக்கு இரட்டைப்படை எண்ணிக்கையில் ஸ்வரங்கள் அமைந்திருப்பதை கிரேடி எடுத்துக்காட்டினார். டவுனில் தொடங்கி இரட்டைப்படையில் முடித்தால் கடைசி ஸ்ட்ரோக் எப்போதும் அப். பிக் காற்றில் இருக்கும், அடுத்த தந்தி தயார். ஆஸ்திரேலியக் கிட்டார் கலைஞர் ஃபிராங்க் கம்பாலே வேறு வழியில் போனார். ஒற்றைப்படை எண்ணிக்கை வந்தால், கடைசி டவுன் ஸ்ட்ரோக்கை நிறுத்தாமல் அப்படியே அடுத்த தந்திக்கும் தள்ளிவிடுவது.

இப்போது தொடக்க மாணவர்களுக்கு நாம் முதலில் கொடுப்பது என்ன? தந்திக்கு மூன்று ஸ்வரம் வரும் ஸ்கேல். டவுன், அப் என்று மாறி மாறி மீட்டும் ஆல்டர்நேட் பிக்கிங்கில் அது டவுன்-அப்-டவுன் என்று ஒரு தந்தியிலும், அப்-டவுன்-அப் என்று அடுத்ததிலும் வரும். ஒருமுறை டவுனிலும் மறுமுறை அப்பிலும் பிக் வெளியே வந்தாக வேண்டும். அதாவது இருப்பதிலேயே கடினமானதை முதல் வேகப் பயிற்சியாகக் கொடுத்துவிட்டு, பையனுக்குக் கை வரவில்லை என்கிறோம். இது மாற வேண்டும் என்று சக ஆசிரியர்களிடம் எப்போதும் சொல்கிறேன்.

அதற்குப் பதிலாக இதை வாசித்துப் பாருங்கள். இரண்டாம் தந்தியில் 5, 6, 8, 6 ஃப்ரெட்கள் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டங்கள்). பிறகு முதல் தந்தியில் 5, 7, 8, 7. ஒவ்வொரு நான்கும் டவுனில் தொடங்கட்டும், முதல் ஸ்வரத்துக்கு மட்டும் சற்று அழுத்தம். முதலில் நான்கே ஸ்வரத்தை விரும்பும் வேகத்தில் வாசித்து, அடுத்த தந்தியின் முதல் ஸ்வரத்தில் போய் நில்லுங்கள். கையைத் தளர விடுங்கள். மறுபடி. கை அசையும் விதம் பிடிபட்ட பிறகு, அதே அசைவை மாற்றாமல் வேகத்தைக் குறைத்துச் சுத்தம் செய்யுங்கள். மெட்ரோனோமை இரண்டிரண்டாக ஏற்றிக்கொண்டு போகும் பழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: மெதுவான வேகத்துக்கு மட்டுமே ஒத்துவரும் அந்தக் குதிப்பு நன்றாகப் பதிந்துவிடும். கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுவதைக் கவனித்திருக்கிறேன். சரளி வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) ஒரே அமர்வில் பாடிப் பழகியவர்கள். வேகம் இரட்டிப்பதைக் கண்டு அவர்கள் உடம்பு பயப்படுவதில்லை.

இறுக்கத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போதும். கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பிக்கை நசுக்குகிறீர்கள் என்று அர்த்தம். தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கிறதா, பல்லைக் கடித்திருக்கிறீர்களா, மூச்சை அடக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிக்கின் நுனி விரலுக்கு வெளியே நாலைந்து மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். பிக்கின் ஓரம் தந்தியில் சற்றுச் சரிவாகப் படட்டும், உரசல் குறையும். மெல்லிய பிக் வளைந்து திரும்ப நேரம் எடுக்கும். 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளதை முயன்று பாருங்கள். அப்புறம், போனில் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் தந்திகளின் நீளவாக்கில் வைத்துப் படமெடுங்கள். பிக் எங்கே வெளியே வருகிறது, எங்கே மாட்டுகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

வலியைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். வாசித்து முடித்த பிறகு தசை லேசாகக் களைத்திருப்பது சாதாரணம். மறுநாள் காலையிலும் மணிக்கட்டு வலித்தால் அது சாதாரணம் இல்லை. கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில், டம்ளரைத் தூக்கும்போதே சுருக்கென்று வலித்தால் அங்குள்ள தசைநாண்கள் அழற்சி அடைந்திருக்கலாம். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் ஒரு நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் பெரும்பாலும் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாக மடங்கிக்கொள்வதும் உண்டு. ஃபோகல் டிஸ்டோனியா என்பார்கள். அது பயிற்சிக் குறைவு என்று நினைத்து இன்னும் அதிகமாக வாசித்தால் நிலைமை மோசமாகும்.

கல்லூரி கல்ச்சுரல்ஸ் நெருங்கும் வாரங்களில்தான் இந்தத் தொந்தரவுகள் வந்து குவியும். தினம் அரைமணி நேரம் வாசித்தவர் திடீரென்று நான்கு மணி நேரம் உட்காருவார். வலிக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு மேடை ஏறுவார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பயிற்சி நேரத்தை வாரவாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், 20, 25 நிமிடத்துக்கு ஒருமுறை கிட்டாரைக் கீழே வையுங்கள். மேடைக்கு முன் பாட்டு கைக்கு வரவில்லை என்றால், அந்தச் சோலோவின் வேகத்தைக் குறைத்து வாசித்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

சில நாள் ஓய்வெடுத்தும் மரத்துப்போவதோ வலியோ நிற்கவில்லை என்றால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். போகும்போது கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேசைமேல் நீட்டிய கையைப் பார்ப்பதைவிட, வாசிக்கும்போது உங்கள் மணிக்கட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை நேரில் பார்த்தால் அவர்களுக்குக் காரணம் சீக்கிரம் பிடிபடும்.