வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்கும் பிள்ளை

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில், தரம் ஐந்தில் பிள்ளை படிக்கும் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் மாதிரி வினாத்தாள்களின் புள்ளிகளைத் தாய்மார் கொப்பியில் குறித்து வைக்கிறார்கள். ஒரு கிழமை 148, அடுத்த கிழமை 161, அதற்கடுத்த கிழமை 153. புள்ளி ஏறினால் பிள்ளை தேறிவிட்டதாகவும், இறங்கினால் கவனம் சிதறிவிட்டதாகவும் வீட்டில் பேச்சு எழுகிறது. ஆனால் மூன்று கிழமைகளுக்குள் ஒரு பிள்ளையின் அறிவு இப்படி ஏறி இறங்குவதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி, அளக்கும் கருவியாகிய வினாத்தாளிலிருந்தே வருகிறது.

1904இல் சாள்ஸ் ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இதற்கு ஓர் அடித்தளம் இட்டார். பிள்ளை பெறும் ஒவ்வொரு புள்ளியும், அதன் உண்மையான தேர்ச்சியும் அன்றைய வழுவும் சேர்ந்த கூட்டுத்தொகை என்பது அவர் வழிவந்த கோட்பாடு. படித்த பகுதியிலிருந்தே வினாக்கள் வந்து அமைவது, முதல் நாள் இரவுக் காய்ச்சல், ஊகித்துத் தெரிவு செய்த விடை சரியாகிவிடுவது ஆகிய எல்லாம் அந்த வழுவுக்குள் அடங்கும். அதன் அளவைக் கணிக்கவும் முடியும். ஒரு வினாத்தாளின் நம்பகத்தன்மை, அதாவது திரும்ப எழுதினாலும் அதன் புள்ளிகள் எவ்வளவு ஒத்துவரும் என்பது, 0 முதல் 1 வரையான எண்ணால் குறிக்கப்படுகிறது. அந்த எண்ணை 1இலிருந்து கழித்து, வர்க்கமூலம் கண்டு, புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் பெருக்கினால் அளவீட்டின் நியம வழு கிடைக்கும். மொத்தம் 200 புள்ளிகள் கொண்ட ஒரு பரீட்சையில் நியம விலகல் 30, நம்பகத்தன்மை 0.91 என்று வைத்துக்கொள்வோம். 0.91 மிக நல்ல வினாத்தாளுக்கே கிடைக்கும் எண். அப்படியிருந்தும் நியம வழு 9 புள்ளிகள். அதாவது, உண்மைத் தேர்ச்சி 150 ஆக உள்ள பிள்ளை இதே தரத்து வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதினால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவைதான் 141க்கும் 159க்கும் இடையில் நிற்கும். மற்றத் தடவைகளில் அதற்கும் வெளியே போய்விடும்.

இரண்டு பிள்ளைகளை ஒப்பிடும்போது இருவரின் வழுவும் சேர்வதால், வித்தியாசத்தின் நியம வழு 13 புள்ளிகள் அளவுக்கு வளர்கிறது. புலமைப்பரிசில் பெறத் தேவையான மிகக் குறைந்த புள்ளியாகிய வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடுகிறது. எங்கோ ஓரிடத்தில் கோடு கிழித்தே ஆகவேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே நின்ற பிள்ளையும் ஒரு புள்ளி மேலே நின்ற பிள்ளையும் தேர்ச்சியில் வேறுபட்டவர்கள் என்று எந்த அளவீட்டு அறிவியலும் சொல்லாது. பெறுபேறு வந்த நாளில் அழுதுகொண்டிருக்கும் பத்து வயதுப் பிள்ளையின் வீட்டார் முதலில் அறிய வேண்டியது இதுவே என்று நான் கருதுகிறேன்.

வழு எல்லோருக்கும் ஒரே மாதிரி நேர்ந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சில வினாக்கள் ஒரு பகுதிப் பிள்ளைகளை மட்டும் தள்ளிவிடுகின்றன. யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை 1990இல் நின்று, 2014 ஒக்டோபரில்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு கணித வினா புகையிரத நேர அட்டவணையை வைத்து அமைந்திருந்தால், குடாநாட்டுப் பிள்ளை கழித்தலுக்கு முன்பே, தான் பார்த்தறியாத ஒரு பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும். இதைக் கண்டறிய, மொத்தப் புள்ளி சமமாக உள்ள இரு பகுதிப் பிள்ளைகளை எடுத்து, குறித்த வினாவில் மட்டும் ஒரு பகுதியினர் தொடர்ந்து பின்தங்குகிறார்களா என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். பின்தங்கினால் அந்த வினா கணிதத்தோடு வேறு எதையோ சேர்த்து அளக்கிறதா என்று ஆராய வேண்டும்.

இன்னொரு சோதனையைச் சாதாரண வகுப்பாசிரியரே கடதாசியில் செய்துவிடலாம். நூறு விடைத்தாள்களை மொத்தப் புள்ளிப்படி அடுக்கி, மேலே 27, கீழே 27 என எடுக்க வேண்டும். இந்த 27 வீதத்தை 1939இல் அமெரிக்க உளவியலாளரான கெலி பரிந்துரைத்தார். ஒரு வினாவை மேலே 24 பேரும் கீழே 9 பேரும் சரியாகச் செய்திருந்தால், வித்தியாசமான 15ஐ 27ஆல் வகுக்க 0.56 வருகிறது. தேர்ந்தவரையும் தேராதவரையும் நன்றாகப் பிரித்துக்காட்டும் வினா அது. இந்த எண் பூச்சியத்துக்குக் கீழே எதிர்க்கணியமாக வந்தால், பெரும்பாலும் வினாவின் சொல்லமைப்பிலோ விடைக்குறிப்பிலோ பிழை இருக்கும்.

என்னை அதிகம் ஈர்ப்பது பிழையான விடைகளே. 503இலிருந்து 278ஐக் கழிக்கச் சொன்னால் 375 என்று எழுதும் பிள்ளை, ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 235 என்று எழுதும் பிள்ளை கடன் வாங்கத் தெரிந்த பிள்ளை. பத்துகளின் இடத்துப் பூச்சியம் பத்தாகி ஒன்றைக் கொடுத்ததும் ஒன்பதாகக் குறைந்ததை மட்டும் மறந்துவிட்டது. இரண்டுக்கும் பரீட்சையில் கிடைப்பது ஒரே பூச்சியம். தேர்ந்த வினா அமைப்பாளர் பல்தேர்வு வினாவில் 225க்குப் பக்கத்தில் இவ்விரு எண்களையும் வேண்டுமென்றே வைப்பார். பிள்ளை எதைத் தெரிவு செய்தது என்பதிலிருந்து அது எங்கே தடக்கியது என்பதை ஆசிரியர் ஊகிக்கலாம். முதற் பிள்ளைக்கு இடப்பெறுமானத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு, பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் பத்தைச் சேர்த்த ஒரு நூற்றுக்கட்டை அவிழ்த்து, அதிலிருந்து ஒரு பத்துக்கட்டை ஒன்றுகளின் பக்கம் கொடுத்த பின் எத்தனை கட்டு மிஞ்சியிருக்கிறது என்று அதையே எண்ணச் சொன்னால் போதும்.