உள்காற்று, வெளிக்காற்று

தஞ்சாவூரில் நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போகும் கடைக்கார அண்ணனுக்கு பிரஷர் கேஜ் எல்லாம் தேவையில்லை. கட்டைவிரலால் டயரை ஒரு அழுத்து அழுத்துவார். விரல் உள்ளே போனால் பம்பை இன்னும் நாலு அடி அடிப்பார். போகாவிட்டால், “கல்லு மாதிரி ஆயிடுச்சு தம்பி, கெளம்புங்க” என்பார்.

அப்படிக் கல் மாதிரி ஆன டயரோடு ஒரு நாள் காலையில் புது ஆற்றுக் கரையில் இறங்கினேன். ஒரத்தநாடு போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு மரத்துவிட்டது. தண்ணீர் பாட்டில் வழியில் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்ததற்கு ஏற்ற வேகமாவது வந்ததா என்றால், அதுவும் இல்லை. தார் ரோட்டில் இதைவிடக் குறைவாக மிதித்தே இதைவிட வேகமாகப் போயிருக்கிறேன். மிதித்ததெல்லாம் எங்கே போயிற்று?

அதைச் சொல்வதற்கு முன் வண்டியைப் பற்றி ரெண்டு வார்த்தை. வெளிநாட்டில் இதை கிராவல் பைக் என்கிறார்கள். பைக் என்றால் நம்மூரில் மோட்டார் சைக்கிள் என்பதால் கிராவல் சைக்கிள் என்றே வைத்துக்கொள்வோம். பந்தய சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார், அதைவிட அகலமான டயர், சேறு அப்பினாலும் சக்கரம் சுற்றும்படி ஃபிரேமில் கொஞ்சம் இடைவெளி. அவ்வளவுதான். கிராவல் என்ற சொல்லும் நமக்குப் புதிதில்லை. லாரியில் வந்து இறங்கும் செம்மண் சரளையை ‘கிராவல்’ என்றுதான் சொல்கிறோம். டயரின் அகலமும் புதிதில்லை. இன்று கிராவல் டயர் என்று விற்பது பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கிறது. பால்காரர் ஓட்டும் பழைய கருப்பு சைக்கிளின் 28க்கு ஒன்றரை டயரும் கிட்டத்தட்ட அதே அகலம்தான்!

சரி, கரைக்கு வருவோம். கல்லணைக் கால்வாயைத்தான் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்கிறார்கள். மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டி 1934இல் தண்ணீர் விட்டது. நீளம் 148 கிலோமீட்டர். பழைய ஆறுகளின் தண்ணீர் ஏறாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து நிலங்களுக்காக வெட்டியது. கால்வாய்த் தண்ணீரை யாரும் பம்பு வைத்துத் தள்ளுவதில்லை. தானாக நகர வேண்டும், ஆனால் கரையை அரிக்கும் வேகத்தில் ஓடக் கூடாது. அதனால் மேடு பள்ளத்தைத் தவிர்த்து, வளைந்து வளைந்து, மிக மெல்லிய சரிவில் கொண்டுபோகிறார்கள். ஏற்றமே இல்லாத ஒரு பாதையை எஞ்சினியர்கள் தண்ணீருக்காகத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். சைக்கிள்காரனுக்கு அது ஓசியில் கிடைக்கிறது.

டெல்டாவே அப்படிப்பட்ட நிலம்தான். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் போக 80 கிலோமீட்டருக்கு மேல். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர்கூட இறங்குவதில்லை. மலைப் பாதையில் மிதிப்பு பெரும்பாலும் உடம்பை மேலே தூக்குவதில் செலவாகிவிடும். இங்கே அந்தச் செலவு கிடையாது. மிச்சம் இருப்பது ரெண்டு காற்று: டயருக்குள் இருப்பது, எதிரே வருவது.

முதலில் உள்ளே இருப்பது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், பின்சக்கரத்தின் மேல் சுமார் 45 கிலோ விழும். இந்த எடையைத் தாங்குவது முக்கியமாக உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம். அழுத்தம் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) என்றால் தரையைத் தொடும் பரப்பு ஆறரை சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 35 பிஎஸ்ஐ என்றால் 18 சதுர சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டி அளவு. இந்த நாணயத்துக்கும் தீப்பெட்டிக்கும் இடையில்தான் என் மணிக்கட்டு மாட்டிக்கொண்டது.

கல் மாதிரி இருக்கும் டயர் ஒரு ஜல்லியின் மேல் ஏறும்போது, ஜல்லி அமுங்காது, டயரும் அமுங்காது. வேறு வழியில்லாமல் சக்கரமே எம்பும். அதோடு ஃபிரேம், சீட்டு, அதன் மேல் இருக்கும் ஆள் எல்லாம் எம்பி இறங்கும். எம்புவதற்கான ஆற்றல் எங்கிருந்து வரும்? முன்னே போய்க்கொண்டிருந்த வேகத்திலிருந்துதான். இறங்கும்போது அது முழுசாகத் திரும்பி வருவதும் இல்லை. தொடைச் சதையும் தோள்பட்டையும் குலுங்கிக் குலுங்கி அதை வெப்பமாக்கி விட்டுவிடுகின்றன. காற்றுக் குறைந்த அகல டயர் அதே ஜல்லியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் ரப்பர் உள்ளே மடங்கி, கல்லைத் தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும். அச்சு ஏறக்குறைய அதே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும்.

அப்போ காற்றே இல்லாமல் ஓட்டலாமே என்று கேட்கலாம். அங்கேதான் ரப்பரின் குணம் குறுக்கே வருகிறது. ரப்பர் பந்தைக் கீழே விட்டால், விட்ட உயரத்துக்கு அது திரும்ப வராது. அமுக்க வாங்கிய ஆற்றலில் கொஞ்சத்தைச் சூடாக்கித் தின்றுவிட்டு மீதியைத்தான் தரும். டயரும் ஒவ்வொரு சுற்றிலும் இதையேதான் செய்கிறது. 20 கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறக்குறைய 9,000 தடவை சுற்றுகிறது. அமுக்கம் ஆழமானால் ஒவ்வொரு தடவையும் நஷ்டம் கூடும். வழவழப்பான தார் ரோட்டில் இந்த நஷ்டம்தான் பெரிது, அதனால் அங்கே கல் மாதிரி டயருக்கு ஓரளவு நியாயம் உண்டு. கரையில் குலுக்கல் நஷ்டம் அதைத் தாண்டிவிடுகிறது. ரெண்டும் சேர்ந்து எங்கே மிகக் குறைவோ, அந்த அழுத்தம்தான் தேவை. என் எடைக்கும் 40 மில்லிமீட்டர் டயருக்கும் அது 35 பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கால்வாய்ப் பாலத்திலிருந்து கரைக்கு இறங்கும் சின்னச் சரிவு ஒன்று போதும். பெடல் மிதிக்காமல், உச்சியிலிருந்து சைக்கிளைத் தானாக உருள விடுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கல்லை வையுங்கள். கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு மறுபடி அதே இடத்திலிருந்து வாருங்கள். காற்று வீசாத விடியற்காலையில் நான் செய்தபோது, 60 பிஎஸ்ஐயில் நின்ற இடத்தை 35 சுலபமாகத் தாண்டியது. 20க்கு இறக்கியதும் மறுபடி முன்னாலேயே நின்றுவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை வெகுநேரம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்கார அண்ணனை இதில் குறை சொல்ல மாட்டேன். அவருடைய கட்டைவிரல் கற்றுக்கொண்டது பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிய சைக்கிள்களில். சுமை கூடினால் அழுத்தமும் கூட வேண்டும். இல்லாவிட்டால் டயர் தட்டையாகி, கல்லில் ஏறும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி ரெண்டு ஓட்டை விழும். மூட்டை இல்லாமல் வெறும் ஆளாகப் போகிறவனுக்கும் அதே விதியைப் போடுவதுதான் பிரச்சினை.

கரையில் இன்னொரு எதிரி சீமைக்கருவேல முள். அதற்கு டியூப் இல்லாத டயரும், அதற்குள் ஊற்றும் பால் போன்ற திரவமும் நன்றாகவே வேலை செய்கின்றன. அதில் பல வகைகள் ரப்பர் பால் சேர்ந்தவை. கன்னியாகுமரித் தோட்டங்களில் இறக்கிய பால் உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். இங்கேயும் அதே தந்திரம்தான். முள் குத்திய ஓட்டை வழியாகக் காற்று பாலை வெளியே தள்ளுகிறது, அமோனியா ஆவியாகிறது, பால் உறைந்து ஓட்டையை அடைத்துக்கொள்கிறது.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராவல் மண் இறுகுவதற்குக் காரணம் அதில் எல்லா அளவும் கலந்திருப்பது. பெரிய சரளையின் இடுக்கில் சின்னது, அதன் இடுக்கில் மணல், எல்லாவற்றையும் ஒட்டக் கொஞ்சம் களி. ஈரம் அளவாக இருந்தால் அது பசை, கூடினால் சகதி, சுத்தமாகக் காய்ந்தால் புழுதி. அதனால் மழை விட்ட ரெண்டாம் நாள் கரை ஓட்டுவதற்குப் பிரமாதமாக இருக்கும். கிராவல் போடாத வெறும் களிமண் கரை என்றால் மழையன்று அந்தப் பக்கமே போகாதீர்கள். டயரோடு சுருண்டு ஏறி, ஃபிரேமில் அடைத்து, சக்கரத்தை நிறுத்தியேவிடும். தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

இனி வெளிக்காற்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், காற்று வீசாத நேரம் என்று வைத்துக்கொள்வோம். கிராவல் தரையின் இழுப்புக்குச் சுமார் 46 வாட், முகத்தில் மோதும் காற்றை விலக்க 40 வாட், ஆக 86. ஒரு சீலிங் ஃபேனைவிடச் சற்று அதிகம். இப்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது. தரையின் செலவு மாறாது. காற்றின் செலவு மட்டும் 40லிருந்து 122க்குப் போய்விடும். காற்று தடுக்கும் விசை, அது நம்மேல் மோதும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் வரும் வினை இது. அதே 20ஐப் பிடிக்க வேண்டுமென்றால் ரெண்டு ஃபேன் ஓட்டும் அளவுக்கு மிதிக்க வேண்டும்.

போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்றுதானே, கணக்கு நேராகிவிடாதா? ஆகாது. அதே 86 வாட்டில் 20 கிலோமீட்டர் போய்த் திரும்புவதாகப் பார்ப்போம். பின்காற்றில் வேகம் 27 சொச்சம், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எதிர்க்காற்றில் பதின்மூன்றரை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மொத்தம் 2 மணி 12 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் சரியாக 2 மணி. பின்காற்று கொடுப்பது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எதிர்க்காற்று பிடுங்குவது நீண்டுகொண்டே போகிறது.

கரையில் இது இன்னும் உறைக்கும். தண்ணீர் வயலுக்குத் தானாக இறங்க வேண்டுமானால் வாய்க்கால் வயலைவிட மேட்டில் இருக்க வேண்டும். டெல்டா ஆறுகளும் காலங்காலமாக வண்டலைக் கரையோரம் போட்டுப் போட்டு, சுற்றியுள்ள நிலத்தைவிட உயரத்தில்தான் ஓடுகின்றன. அந்தக் கரையின் மேல் உட்கார்ந்து போகிறவனுக்கும் காற்றுக்கும் நடுவில் இருப்பது முழங்கால் உயர நாற்று மட்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் கொஞ்சம் மறைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அவற்றிலும் ஏராளமாகச் சாய்த்துவிட்டது.

தப்பிக்க ஒரு வழி விடியற்காலை. இரவில் நிலம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தரையோடு படிந்துவிடுகிறது. மேலே காற்று ஓடிக்கொண்டிருந்தாலும் கீழே இந்தப் படிந்த காற்றை அது அசைப்பதில்லை. வெயில் ஏறி நிலம் சூடானதும் கீழ்க்காற்று மேலெழும்பி, மேல்காற்று கீழிறங்கி, ரெண்டும் கலக்கும். எட்டு ஒன்பது மணிக்கு நாற்று சாய ஆரம்பிப்பது அப்போதுதான்.

போன ஆடியில் நான் தாமதமாகத்தான் எழுந்தேன். அம்மியை நகர்த்துகிற மேற்குக் காற்று முதுகில் தள்ள, வெண்ணாற்றங்கரையில் நீடாமங்கலம் பக்கம் பறந்தேன். எனக்குள் இவ்வளவு தெம்பா என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. திரும்பியதும் தெரிந்துவிட்டது அது யாருடைய தெம்பு என்று. வாயில் புழுதி, காதில் இரைச்சல், ஹேண்டில்பாரோடு குனிந்து, பக்கத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் போன ஒருவர் “ஏறிக்கிறீங்களா?” என்று கேட்கும் நிலைமை.

ஒரு வழியாகக் கடைக்கு வந்து சைக்கிளைச் சாய்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் கட்டைவிரலால் பின் டயரை அழுத்தினார்.

“காத்தே இல்லையே தம்பி, அதான் இவ்வளவு லேட்டு” என்று பம்பை எடுத்தார்.