பாட்டு அரைக்கட்டை இறங்குவது ஏன்?

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் பேச உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் வாக்குவாதம் வந்துவிடும். கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் இல்லாத பர்ப்பிள் பர்ப்பிளே இல்லை என்பார் ஒருவர். இயன் பெய்ஸ் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்வரை அது பர்ப்பிள்தான் என்பார் இன்னொருவர். எப்படிச் சுற்றினாலும் பேச்சு கடைசியில் பாடகர் இயன் கில்லனின் குரலில் வந்து நிற்கும். முன்பு மாதிரி இல்லை, உச்சத்துக்குப் போவதே இல்லை, சாதகம் பண்ணுவதை விட்டுவிட்டார் போல. ஒரு வாசகர் இதையே கேள்வியாக அனுப்பியிருந்தார்: எழுபது வயதில் கிடார் கலைஞர்கள் வெளுத்து வாங்குகிறார்களே, பாடகர்களுக்கு மட்டும் ஏன் சுருதி இறங்குகிறது?

நல்ல கேள்வி. அதற்குள் இருக்கும் "சாதகம் பண்ணவில்லை" என்ற குற்றச்சாட்டு எனக்குப் பல வருடமாக உறுத்துகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆள் கணக்கு. 1968-ல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டில் தொடங்கிய குழு. 1969-ல் கில்லனும் பாஸ் கிடாருக்கு ரோஜர் குளோவரும் வந்தார்கள். ரசிகர்கள் மார்க் 2, அதாவது இரண்டாம் அணி, என்று கொண்டாடுவது அந்த ஐவரைத்தான். 1973-ல் இருவரும் போக, பாடகர் டேவிட் கவர்டேலும் கிளென் ஹியூஸும் வந்தார்கள். 1976-ல் குழு கலைந்தது, 1984-ல் மார்க் 2 மறுபடி சேர்ந்தது. 1993-ல் பிளாக்மோர் ஒரேயடியாக விலகினார். அடுத்த ஆண்டு கிடாருக்கு ஸ்டீவ் மோர்ஸ் வந்தார். 2002-ல் ஜான் லார்டின் கீபோர்டு டான் ஏரியிடம் போனது. 2022-ல் கிடார் சைமன் மெக்பிரைடிடம் போனது. முதல் நாள் தொட்டு இருப்பவர் பெய்ஸ் ஒருவர்தான். 1945-ல் பிறந்த கில்லன் இன்னும் பாடுகிறார். ஆனால் 1970-ல் அவர் பாடிய 'சைல்ட் இன் டைம்' பாட்டை, கூச்சலாக ஏறி ஏறிப் போகும் அந்தப் பாட்டை, 2002-க்குப் பிறகு மேடையில் பாடுவதில்லை.

இது அவர் ஒருவரின் கதையல்ல. நெடுநாள் ஓடும் ராக் குழுக்கள் பல, பழைய பாட்டுகளை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கித்தான் வாசிக்கின்றன. அரைக்கட்டை என்பது, பியானோவில் கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம். கிடாருக்கு அது சுலபம். அரைக்கட்டை இறங்க, கம்பியின் அதிர்வு எண் சுமார் 5.6 சதவீதம் குறைந்தால் போதும். அதிர்வு எண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் இழுவிசை சுமார் 11 சதவீதம் தளர வேண்டும். திருகாணியை லேசாகத் திருப்பினால் வேலை முடிந்தது. கம்பி பழசானால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டலாம். விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் வேறு வழியும் உண்டு: மோர்ஸுக்கு வலது மணிக்கட்டில் மூட்டுத் தேய்மானம் வந்தபோது, பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) பிடித்து மீட்டும் முறையையே மாற்றிக்கொண்டார். 2016-ல் பெய்ஸுக்கு லேசான பக்கவாதம் வந்து வலது கையைப் பாதித்தது. தேறியதும் திரும்பி வந்து வாசித்தார்.

பாடகரின் கருவியில் மாற்றுவதற்கு எந்தப் பாகமும் கிடையாது.

குரல்நாண் என்ற பெயரே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. 1741-ல் ஃபெர்ரைன் என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர், இறந்த உடலின் குரல்வளைக்குள் காற்றை ஊதி ஒலி எழுப்பிப் பார்த்தார். வயலின் கம்பியும் வில்லும் போல என்று அவருக்குத் தோன்றியது. நாண் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவை நாண்கள் அல்ல, இரண்டு மடிப்புகள். மூச்சுக்குழாயின் உச்சியில், ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு ஈர உதடுகள் மாதிரி இருக்கின்றன. ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு அதைவிடக் குட்டை. உயிருள்ள ஆளிடம் அவற்றை முதலில் தெளிவாகப் பார்த்துப் பதிவு செய்தவர் மருத்துவர் அல்ல, ஒரு பாட்டு வாத்தியார். 1854-ல் மானுவல் கார்சியா, பல் மருத்துவரின் குட்டிக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, தன் குரல்மடிப்புகள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். பாட்டு சொல்லிக்கொடுப்பவருக்கு வந்த ஆர்வம் ஒரு மருத்துவத் துறையையே தொடங்கி வைத்தது. அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு உற்சாகமாக இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். நடுத்தர உயரத்தில் ஒரு சுரம், நொடிக்கு 440 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்குள் மடிப்புகள் 440 தடவை திறந்து மூட வேண்டும். ராக் கூச்சல் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 880 பக்கம்கூடப் போகும். இந்த வேகத்தில் யார் திறந்து மூடுகிறார்கள்? ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை ஒரு கட்டளை அனுப்புகிறது என்று 1950-ல் ராவுல் யூசோன் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னார். நம் தசைகளால் அந்த வேகத்தில் சுருங்கி விரிய முடியாது. போதாக்குறைக்கு, ஃபெர்ரைன் ஊதிய குரல்வளைக்கு மூளையே கிடையாது! 1958-ல் வான் டென் பெர்க், காற்றும் மடிப்பின் மீள்தன்மையும் சேர்ந்து தாமாகவே அதிர்கின்றன என்று விளக்கினார். மூளை மடிப்புகளைச் சேர்த்து வைக்கிறது, முறுக்கேற்றுகிறது, அவ்வளவுதான். மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது.

எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதில்தான் எனக்குப் பிடித்த அந்த நுட்பம் இருக்கிறது.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் நின்றுவிடாமல் இருக்க, அது போகும் திசையிலேயே தள்ள வேண்டும். வரும்போதும் போகும்போதும் ஒரே மாதிரி தள்ளினால், ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் பிடுங்கிக்கொள்வோம், ஊஞ்சல் நின்றுவிடும். குரல்மடிப்புக்கும் இதே சிக்கல் உண்டு. நுரையீரலிலிருந்து வரும் காற்று ஒரே சீராக வருகிறது. அது திறக்கும்போது தள்ளி, மூடும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். சீரான காற்றுக்கு அந்த நேரக்கணக்கு எப்படித் தெரியும்?

பதில் மடிப்பின் வடிவத்தில் இருக்கிறது. மடிப்புகள் ஒரே பலகையாகத் திறப்பதில்லை. கீழ்விளிம்பு முதலில் விலகும், மேல்விளிம்பு ஒரு நொடித்துளி தாமதமாகப் பின்னால் வரும். மூடும்போதும் கீழ்விளிம்புதான் முதலில். அதனால் திறக்கும் சமயத்தில் இடைவெளி கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கிறது. காற்று அங்கே அடைபட்டு அழுத்தம் ஏறி, மடிப்புகளை வெளியே தள்ளும். மூடும் சமயத்தில் வடிவம் தலைகீழ், கீழே குறுகல், மேலே அகலம். அழுத்தம் இறங்கிவிடும், மடிப்புகள் தம் மீள்தன்மையால் உள்ளே திரும்பும். திறக்கும்போது தள்ளு, மூடும்போது விடு. ஊஞ்சல் தள்ளுவதற்குத் தேவையான அதே கணக்கு. யாரும் சொல்லாமல், அந்தச் சதையின் அலையே போட்டுக்கொள்கிறது. அதிவேகக் கேமராவில் பார்த்தால் கீழிருந்து மேலாக ஒரு ஈர அலை உருண்டு போவது தெரியும். முதல்முறை பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்த அலை உருள, மேல்தோல் உள்தசைமேல் தளர்வாக வழுக்க வேண்டும். உங்கள் புறங்கைத் தோலை இரண்டு விரலால் பிடித்து நகர்த்திப் பாருங்கள், எலும்பை விட்டுத் தனியாக நகர்கிறதல்லவா? அது மாதிரி. 1974-ல் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ இந்த அமைப்பைத் தெளிவாக்கினார்: உள்ளே தசை, வெளியே மெல்லிய உறை, இரண்டுக்கும் நடுவே கூழ் போன்ற ஓர் அடுக்கு. அந்தக் கூழின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஹயலுரானிக் அமிலமும் தளர்வான சில இழைகளும் நிறைந்தது. பிறந்த குழந்தைக்கு இந்த அடுக்குகள் பிரிந்திருப்பதில்லை. வளர வளரத்தான் உருவாகின்றன. உலகத்தின் எல்லாப் பாட்டும் பேச்சும் இந்த அரை மில்லிமீட்டர் கூழ்மேல் மிதக்கிறது.

வயதாகும்போது முதலில் அடிபடுவது இதுதான். மீள்தன்மை தரும் எலாஸ்டின் தன் தரத்தை இழக்கிறது, கொலாஜன் இழைகள் கூடி, நெருங்கிப் பின்னிக்கொள்கின்றன. உறை விறைக்கிறது. விறைத்த உறையில் கீழ்விளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் இடையேயான தாமதம் சுருங்குகிறது. காற்றின் தள்ளல் வீணாகிறது. உள்ளே இருக்கும் தசையும் மெலிந்து, மடிப்பின் விளிம்பு வில் மாதிரி உட்குழிகிறது. மூடினாலும் நடுவில் சின்னச் சந்து விழுந்து, அதன் வழியே காற்று ஒழுகும். ராக் பாடகர் ஜான் பான் ஜோவிக்கு ஒரு பக்கக் குரல்மடிப்பு மெலிந்துபோய், 2022-ல் அதை நடுவுக்குத் தள்ளி நிறுத்த உள்ளே ஓர் அடைப்பு வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்த இடைவெளியை அடைக்கும் வேலைதான் அது.

சுரம் உயர, தொண்டையின் முன்பக்கத்திலுள்ள கேடயக் குருத்தெலும்பும் அதற்குக் கீழுள்ள மோதிரக் குருத்தெலும்பும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, மடிப்புகளை நீளவாக்கில் இழுக்க வேண்டும். இந்தக் குருத்தெலும்புகள் வயது ஏற ஏற எலும்பாகவே மாறிக்கொண்டு வருகின்றன. சாயும் மூட்டு இறுகுகிறது. வேடிக்கை என்னவென்றால், மடிப்பு மெலிவதால் வயதான ஆண்களின் பேச்சுக்குரல் சற்று உயர்கிறது. அதே சமயம் பாட்டின் உச்சம் கீழே இறங்குகிறது. இரண்டு பக்கமும் சுவர் நெருங்கி வருகிற மாதிரி.

அப்புறம் காற்று. ஒரு டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலை ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழம் விட்டு, குமிழி வரும் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். நாம் சாதாரணமாகப் பேசுவதற்கான அழுத்தம் அவ்வளவுதான். உச்சத்தில் கத்திப் பாட அதைப் போல பல மடங்கு வேண்டும். மடிப்பு விறைத்தால் அதிர்வைத் தொடங்கவே கூடுதல் அழுத்தம் தேவை என்பதை 1988-ல் இங்கோ டிட்சா கணக்காகவே எழுதிக் காட்டினார். வயதில் மார்புக்கூடும் இறுகுகிறது, ஒரு மூச்சில் வெளியே விடக்கூடிய காற்றின் அளவும் குறைகிறது. கேட்பது கூடுகிறது, கொடுப்பது குறைகிறது. அரைக்கட்டை இறக்கினால் இந்த மொத்தக் கணக்கும் கொஞ்சம் தளர்கிறது. அதைச் சோம்பல் என்று சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். ஒரு மணிநேரம் 440-ல் பாடினால் பதினைந்து லட்சம் தடவைக்கு மேல் அந்த மடிப்புகள் மோதுகின்றன. ஐம்பது வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

காது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் பறவைகளுக்கு மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன் 2016-ல் கேட்கும் திறனையே முழுசாக இழக்கும் ஆபத்தில் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. மீதி நிகழ்ச்சிகளுக்கு ஆக்சல் ரோஸ் பாடினார். காது மங்கினால் குரலும் கெடும். தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காதபோது மனிதன் தானாகவே உரக்கக் கத்துவான். 1911-ல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வெளியிட்ட விளைவு இது. மேடையில் பாடகர்கள் தம் குரலைத் தாமே கேட்கக் காதுக்குள் மானிட்டர் செருகிக்கொள்வது பகட்டுக்காக அல்ல.

இந்த இடத்தில் தொண்டை வைத்தியங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேன் குடித்தால் குரல் திறக்கும், பச்சை முட்டை விழுங்கினால் உச்சம் எட்டும் என்பார்கள். விழுங்கும் எதுவும் குரல்மடிப்பைத் தொடாது. அது உணவுக்குழாயில் போகிறது. தப்பித்தவறி மடிப்பைத் தொட்டால் இருமி இருமியே வெளியே தள்ளிவிடுவோம். நேரடியாகப் போய்ச் சேருவது மூச்சோடு போகும் நீராவி. குடிக்கும் தண்ணீர் இரத்தத்தின் வழியாக, நிதானமாகப் போய்ச் சேரும். இதைச் சொல்லாமல் பாடகர்களுக்கு மருந்து விற்பவர்களை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

மன்னிக்க முடியாத இன்னொன்று, குரல் ஆராய்ச்சியை ஏதோ பாடகர்களுக்கான ஆடம்பரம் போல நினைத்துப் பணம் ஒதுக்கத் தயங்குவது. குரல் தேய்ந்து அவதிப்படுவோரில் பள்ளி ஆசிரியர்கள் ஏராளம். புற்றுநோய் அறுவை சிகிச்சையில் மடிப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2015-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு, மனிதச் செல்களிலிருந்து குரல்மடிப்பின் திசுவை ஆய்வகத்தில் வளர்த்தது. இறந்த நாயின் குரல்வளை ஒன்றில் அதைப் பொருத்தி, வெதுவெதுப்பான ஈரக்காற்றை ஊதினார்கள். திசு அதிர்ந்தது, ஒலி வந்தது, அந்த ஈர அலையும் உருண்டது. ஃபெர்ரைன் ஊதிப் பார்த்து 274 வருடம் கழித்து, வளர்த்தெடுத்த சதையில் அதே சோதனை. இது மனிதத் தொண்டைக்கு வந்து சேர இன்னும் நிறைய வேலை பாக்கி. அந்த வேலைக்குக் கேட்கிறவர்களுக்குக் கேட்ட பணத்தைக் கொடுங்கள் என்பேன்.

சரி, ஆள் மாற்றச் சண்டைக்குத் திரும்புவோம். கிடார் கலைஞர் மாறினால் அதே கிடார், அதே ஒலிபெருக்கி (ஆம்ப்) வாங்கி அந்த ஒலியின் அருகே போய்விடலாம். பாடகர் மாறினால் முடியாது. மடிப்புகள் எழுப்பும் மூல ஒலி வெறும் ரீங்காரம். அதைக் குரலாக்குவது குரல்வளையிலிருந்து உதடுவரை உள்ள குழாய், ஆண்களுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். அதன் ஒவ்வொரு வளைவும் சில அதிர்வுகளைத் தூக்கிவிட்டு, சிலவற்றை அமுக்குகிறது. கவர்டேல் அதே பாட்டை அதே சுருதியில் பாடினாலும், முதல் சொல்லிலேயே நமக்கு ஆள் தெரிந்துவிடுவது அதனால்தான். பிளாக்மோர் போனதை சிலர் இன்னும் ஏற்காதது ரசனை சார்ந்தது, அதில் நான் தலையிடவில்லை. கில்லனின் குரல் விஷயத்தில் மட்டும், அடுத்தமுறை பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கைபேசியில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து, சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு நீண்ட சுரங்களின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஒலி வருவதற்குச் சற்று முன்னால் மெல்லிய காற்றுச் சத்தம் கேட்டால், அது அந்தச் சந்தின் வழியே ஒழுகும் மூச்சு.