ஜவ்வு கிழிந்த தோளில் கை உயர்வது எப்படி?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவர், முட்டத்தில் கரையில் நின்று கரமடி வலை இழுக்கும் ஒருவர். இருவருக்கும் 60 வயது தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தால் இருவர் தோளிலும் ஜவ்வு கிழிந்திருக்கிறது. அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒருவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுகிறார். மற்றவர் சட்டைக்குள் கையை நுழைக்கவே படாதபாடு படுகிறார்.

இது அபூர்வமான சங்கதி அல்ல. தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஜவ்வு முழுதாகவோ ஓரளவோ கிழிந்திருந்தது. அவர்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கிழிந்த பிறகும் அந்தக் கையை எது தூக்குகிறது?

தோள் மூட்டில் பந்து பெரிது, கிண்ணம் சிறிது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் எந்த நேரத்திலும் கிண்ணத்தோடு ஒட்டியிருக்கும். கை இத்தனை பக்கம் சுழல்வது இதனால்தான். எளிதாக நழுவுவதும் இதனால்தான். தோளின் வெளிப்பக்கம் திரண்டு தெரியும் டெல்டாய்டு தசைதான் கையைத் தூக்கும் பெரிய இயந்திரம். ஆனால் கை தொங்கும் நிலையில் அது இழுக்கும் திசை கிட்டத்தட்ட நேர் மேலே. தனியாக விட்டால் கையை விலக்கித் தூக்குவதற்கு முன்பே பந்தை மேலே ஏற்றி, தோள்பட்டை எலும்பின் கூரையில் இடித்துவிடும். பந்துக்கும் கூரைக்கும் நடுவே எக்ஸ்ரேயில் தெரியும் இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அது 7 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பெரிய கிழிசலாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள்.

பந்தை நழுவவிடாமல் கிண்ணத்தில் அழுத்திப் பிடிப்பது நான்கு சின்னத் தசைகள். மேலே சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேப்புலாரிஸ். தசையை எலும்போடு கட்டும் இவற்றின் நாண்கள் ஒன்றோடொன்று கலந்து பந்தைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். இந்தப் போர்வையைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள், ஜவ்வு என்று நாம் சொல்வதும் இதைத்தான். பெரும்பாலும் கிழிவது கூரைக்கு அடியில் போகும் சுப்ராஸ்பைனேட்டஸின் நாண்.

அந்தத் தசைதான் கையைத் தூக்கத் தொடங்கி வைக்கிறது என்று நெடுங்காலம் சொல்லிக் கொடுத்தார்கள். 1963இல் வெளியான ஒரு பரிசோதனை இதை ஆட்டிப் பார்த்தது. அந்தத் தசைக்குப் போகும் நரம்பை மருந்து போட்டு மரக்கச் செய்தார்கள். அப்படியும் கை முழுதாக உயர்ந்தது. குறைந்தது பலமும், களைக்காமல் தாங்கும் திறனும்தான். முன்னால் ஒரு தசை, பின்னால் இரண்டு தசைகள் என எதிரெதிராகச் சமமாக இழுத்தாலே பந்து கிண்ணத்தில் நிற்கும், டெல்டாய்டுக்கும் பிடிமானம் கிடைத்துவிடும்.

கிழிசலின் இடம் அளவைவிட முக்கியமாவது இங்கேதான். ரொட்டேட்டர் கஃபில் நாரெல்லாம் ஒரே தடிமன் அல்ல. முன்னிருந்து பின்னாக, வில் போல வளைந்த தடித்த பட்டை ஒன்று ஓடுகிறது. வலையின் நடுவில் கண்ணி அறுந்து ஓட்டை விழுந்தாலும் விளிம்புக் கயிறு அறாதவரை மடியை இழுத்துவிடலாம் அல்லவா, அதுபோலத்தான். பட்டையின் வளைவுக்குள் விழுந்த கிழிசல் என்றால் சுமை பட்டை வழியாக எலும்புக்குப் போய்விடும். பட்டையின் முனையே பிடுங்கி, கிழிசல் முன்பக்கமோ பின்பக்கமோ பரவினால் சமன் போய்விடுகிறது. நரம்பில் குறையே இல்லாமல் கை செயலிழந்தது போல் தொங்கும்.

சமன் குறைந்த தோளில் அக்கம்பக்கத்துத் தசைகள் தங்கள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. இதை எளிதாகப் பார்க்கலாம். கையைத் தூக்கச் சொன்னால் கிழிசல் உள்ளவர்கள் முதலில் தோளைக் காதுப் பக்கம் தூக்குவார்கள். கழுத்திலிருந்து தோளுக்கு வரும் ட்ரபீசியஸ் தசை தோள்பட்டை எலும்பைச் சீக்கிரமே திருப்பி, பந்து தராத உயரத்தைத் தர முயல்கிறது. நாள் முழுக்க இப்படி உழைத்தால் மாலையில் கழுத்து கடுக்கும். கழுத்துப் பிடிப்பு என்று அங்கே முறிவெண்ணெய் தேய்ப்பார்கள், வர்ம ஆசானிடம் தடவலுக்குப் போவார்கள். இறுகிய தசை இளகும், சுகமாகவும் இருக்கும். கிழிந்த நாண் அதனால் ஒட்டாது.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் தசைகளின் மின் சைகைகளைப் பதிவு செய்தபோது, இந்த நோயாளிகள் கையை மேலே தூக்கும்போது அதைக் கீழே இழுக்க வேண்டிய முதுகு, மார்புத் தசைகளும் சேர்ந்து இயங்குவதைக் கண்டார்கள். கூரையில் இடிக்கப்போகும் பந்தைக் கீழே பிடித்து வைக்க உடம்பு கண்டுபிடித்த வழி இது என்பது அவர்கள் விளக்கம். பந்து இடத்தில் நிற்கிறது, சரி. ஆனால் தூக்கவும் இறக்கவும் ஒரே நேரத்தில் தசை செலவாகிறது. உயரத்தில் ரப்பர் வெட்டும்போது நாலு மரத்திலேயே கை ஓய்ந்துபோவதில் ஆச்சரியமில்லை.

வலியின் பங்கும் பெரிது. வலிக்கும் மூட்டைச் சுற்றியுள்ள தசைகளுக்கு மூளை முழுப் பலத்தையும் கொடுப்பதில்லை. கூரைக்கு அடியில் மரக்கும் ஊசி போட்டதுமே பலருக்குக் கை முன்பைவிட உயர்வது அதனால்தான். நாண் ஒட்டிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

தோள் இறுகிப்போவது வேறு நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருவது. அதில் இன்னொருவர் பிடித்துத் தூக்கினாலும் கை ஓரளவுக்கு மேல் போகாது. கிழிசலில் பெரும்பாலும் பிறர் தூக்கினால் போகும், தானாகத் தூக்கினால்தான் போகாது. அப்புறம், பனையிலிருந்தோ பைக்கிலிருந்தோ விழுந்த அன்றே கை தூக்க முடியாமல் போனால் எண்ணெய் போட்டுக் காத்திருக்கவே கூடாது. நாண் அறுந்த தசை மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் சுருங்கி, அதற்குள் கொழுப்பு படிந்துவிடும். அப்புறம் தைத்தாலும் அந்தத் தசை பழையபடி திரும்புவது கடினம்.

தைக்கவே முடியாத தோளுக்கும் வழி இருக்கிறது. பிரான்ஸின் பால் கிராமோன் 1980களில் பந்தைக் கிண்ணப் பக்கமும் கிண்ணத்தைக் கைப் பக்கமும் மாற்றிப் பொருத்தும் செயற்கை மூட்டை வடிவமைத்தார். சுழலும் மையம் உள்ளேயும் கீழேயும் நகர்வதால், நான்கு தசைகளின் துணை இல்லாமலே டெல்டாய்டு கையைத் தூக்கிவிடும்.

விழுந்து வராமல் வயதோடு மெல்ல வந்த கிழிசல் என்றால் பெரும்பாலும் முதலில் பிசியோதெரபிதான். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முழுக் கிழிசலோடு பயிற்சி தொடங்கியவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் இரண்டு ஆண்டுகள் கழித்தும் அறுவை சிகிச்சைக்குப் போகவில்லை. பெரிய கிழிசலுள்ள முதியவர்களுக்குத் தரும் ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பிடிக்கும், அத்தனை எளிமை. மல்லாந்து படுத்து, நல்ல கையின் துணையோடு வலிக்கும் கையை மச்சைப் பார்த்து நேராக நிறுத்த வேண்டும். இந்த நிலையில் கையின் பாரம் நேராகக் கிண்ணத்துக்குள் இறங்குவதால் பந்து நழுவப் பார்க்காது. டெல்டாய்டின் முன்பகுதி பயமில்லாமல் வேலை செய்யும். கை தானாக நின்றதும் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டுவார்கள். அது சுலபமானதும் கையில் லேசான எடை. பிறகு முதுகுக்குக் கீழே தலையணை அடுக்கிச் சாய்வைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் உட்கார்ந்தபடியே தூக்க வைப்பார்கள். இதற்குச் சுமார் 12 வாரம் பிடிக்கும். வலி கூடினால் ஒரு தலையணையை எடுத்துவிட்டு முந்தைய சாய்வுக்கே திரும்பலாம்.